லூயி பாஸ்ச்சர்

லூயி பாஸ்ச்சர் (டிசம்பர் 27, 1822 – செப்டம்பர் 28, 1895) பிரான்சு நாட்டைச் சேர்ந்த வேதியியலாளரும் நுண்ணுயிரியலாளரும் ஆவார். நொதித்தலுக்கும் பல தொற்றுநோய்களுக்கும் நுண்ணுயிர்களே காரணம் என்பதை நிறுவியவர்களுள் இவர் முதன்மையானவர். திராட்சை மதுவை மிதமாகச் சூடாக்கிக் கெடாமல் காக்க இவர் கண்ட முறை பின்னர் பாலுக்கும் பயன்பட்டு, இன்று பாஸ்ச்சராக்கம் என இவர் பெயராலேயே வழங்குகிறது. ஆயினும் பொதுமக்களிடையே இவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது, வெறிநாய் கடித்தவருக்கு நோய் அரும்புவதற்கு முன்பே கொடுக்கும் தடுப்பு மருந்து ஆகும். 1885 ஆம் ஆண்டில் இம்மருந்து அறிவிக்கப்பட்ட பின், அயல்நாடுகளில் கடிபட்டவர்கள் நாட்களை எண்ணிக்கொண்டே கப்பலிலும் தொடர்வண்டியிலும் பாரிசு நகரை நோக்கி விரைந்தனர்.

இளமை

பாஸ்ச்சர் பிரான்சின் கிழக்கே சூரா மலைப்பகுதியில் உள்ள டோல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை சான்-சோசப் பாஸ்ச்சர் நெப்போலியனின் படையில் பணியாற்றியவர். பின்னர் தோல் பதனிடும் தொழில் செய்தார். குடும்பம் 1827 இல் ஆர்புவா என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் பாஸ்ச்சர் சராசரி மாணவராகவே இருந்தார். வண்ணக்கோல் கொண்டு உருவப்படம் வரைவதில் அவருக்கு நல்ல தேர்ச்சி இருந்தது. அவர் வரைந்த பெற்றோரின் படங்கள் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன.

1831 ஆம் ஆண்டு அக்டோபரில், பாஸ்ச்சருக்கு எட்டு வயதாக இருந்தபோது, வெறி பிடித்த ஓநாய் ஒன்று ஆர்புவாப் பகுதியில் பலரைக் கடித்தது. கடிபட்டவர்கள் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுவரப்பட்டு, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயங்களில் சூடு வைக்கப்பட்டனர். அக்காலத்தில் வேறு மருத்துவம் ஏதும் இல்லை. அப்படியிருந்தும் பலர் இறந்தனர். சிறுவன் பாஸ்ச்சர் இக்காட்சியைக் கண்டதாக அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர்.

வேதியியலும் நுண்ணுயிரியலும்

பாரிசின் எக்கோல் நார்மால் கல்லூரியில் 1843 இல் சேர்ந்த பாஸ்ச்சர் 1847 இல் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே தார்த்தாரிக் அமில உப்பின் படிகங்களை நுண்ணோக்கியில் ஆய்ந்து, இடக்கை வலக்கை போல ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இருவகைப் படிகங்கள் உள்ளன எனக் கண்டறிந்தார். ஒருவகைப் படிகத்தின் கரைசல் முனைவுற்ற ஒளியை வலப்புறமும் மற்றது இடப்புறமும் திருப்பியது. மூலக்கூறுகளின் முப்பரிமாண அமைப்பு பற்றிய வேதியியல் துறைக்கு இதுவே தொடக்கம்.

1849 இல் இசுற்றாசுபூர் நகரில் மரி லோரான் என்பவரை மணந்தார். ஆய்வுக்குறிப்புகளைப் படியெடுப்பது முதல் பட்டுப்புழு வளர்ப்பது வரை கணவரின் பணியில் மரி துணைநின்றார். இவர்களுக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளுள் மூவர் சிறு வயதிலேயே இறந்தனர். அவர்களுள் இருவரைக் கொன்றது குடற்காய்ச்சல்.

நொதித்தல் உயிருள்ள நுண்ணுயிர்களின் செயல் என்று 1857 முதல் எழுதிய கட்டுரைகளில் பாஸ்ச்சர் காட்டினார். பின்னர் அன்னப் பறவையின் கழுத்துப் போல வளைந்த குழலுடைய குடுவைகளைக் கொண்டு, கொதிக்க வைத்த சாற்றில் உயிர்கள் தாமாகத் தோன்றுவதில்லை என நிறுவினார். 1865 முதல் தென்பிரான்சில் பட்டுத்தொழிலை அழித்துவந்த புழுநோய்களை ஆராய்ந்தார். இப்பணியின் நடுவே 1868 அக்டோபரில் பக்கவாதம் தாக்கி அவரது இடப்புறம் செயலிழந்தது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவரால் இடக்கையை நன்கு பயன்படுத்த இயலவில்லை. அவர் பின்னர் செய்த ஆய்வுகளில் ஊசியும் அறுவைக் கத்தியும் பெரும்பாலும் உதவியாளர்கள் கையிலேயே இருந்தன என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

கோழிக் காலரா கிருமியின் பழைய வளர்ப்பைச் செலுத்திய கோழிகள், பின்னர் வீரியமுள்ள கிருமியைச் செலுத்தியபோதும் பிழைத்தன என்பது 1879-80 இல் தெரியவந்தது. கிருமியின் வீரியத்தை ஆய்வகத்திலேயே குறைத்து, அதனைக் கொண்டே நோய் எதிர்ப்பாற்றலை உண்டாக்கலாம் என்பது இதிலிருந்து கிடைத்த பாடம். 1881 இல் புயி-லெ-ஃபோர் என்னும் இடத்தில் ஆந்த்ராக்சு நோய்க்கான தடுப்பூசியை ஆடுகளுக்குப் பலரறியச் செலுத்தி வெற்றி கண்டார்.

வெறிநோய் ஆய்வு

பாஸ்ச்சர் 1880 டிசம்பரில் வெறிநோயை ஆராயத் தொடங்கினார். பிரான்சில் இந்நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை, குடற்காய்ச்சலாலும் காசநோயாலும் இறந்தவர்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. ஆனால் இதுபற்றிய அச்சம் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கக்கூடியதாக இல்லை. கடித்த நாய்க்கு உண்மையில் வெறி இருந்ததா என்பது பலவேளைகளில் தெரிவதில்லை. வெறி இருந்தாலும் கடிபட்ட அனைவருக்கும் நோய் வருவதில்லை. வருவதாயின் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்களில் வரும். சிலவேளைகளில் இன்னும் தாமதமாகும். அதுவரை கடிபட்டவர் முழு நலத்துடன் காணப்படுவார். காய்ச்சலும் கடிவாயில் குறுகுறுப்பும் தோன்றி, தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால் சில நாட்களில் இறப்பு உறுதி.

நோய் அரும்பும் காலம் நீள்வதற்குக் காரணம் உண்டு. உமிழ்நீர் வழியே காயத்தில் புகும் தீநுண்மம் (வைரஸ்) நரம்புகளின் ஊடாக மெதுவாக மூளையை நோக்கி நகர்கிறது. காலில் கடித்தால் வழி நீளம். முகத்திலோ தலையிலோ கடித்தால் குறைவு. கடிபட்டவரை அலைக்கழிக்கும் இந்தக் காத்திருப்புக் காலமே மருந்துக்கான வாய்ப்பும் ஆகும் என்பதைப் பாஸ்ச்சர் கண்டார். தீநுண்மம் மூளையை எட்டுமுன் உடலில் எதிர்ப்பாற்றலை உண்டாக்கிவிட முடிந்தால் கடிபட்டபின்னும் ஒருவரைக் காப்பாற்றலாம். பிற நோய்களுக்குத் தடுப்பூசி நோய்க்கிருமி உடலில் புகுவதற்கு முன் தரப்படுவது. இங்கோ கிருமி புகுந்தபின் தரப்பட்டது.

நோயை உண்டாக்கும் கிருமி நுண்ணோக்கியில் தென்படவில்லை. மின்னணு நுண்ணோக்கி வந்த பிறகே அதனைக் காண முடிந்தது. எனவே பாஸ்ச்சரின் குழுவினர் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஆய்வகக் குடுவையில் வளர்க்க இயலாமல், உயிருள்ள விலங்குகளிலேயே வளர்த்தனர். உதவியாளர் எமில் ரூ நாய்களின் மண்டையோட்டில் துளையிட்டு நோயுற்ற மூளைப்பொருளை நேரடியாகச் செலுத்தும் முறையை உருவாக்கினார். பின்னர் முயலிலிருந்து முயலுக்குப் பலமுறை மாற்றியபோது நோய் அரும்பும் காலம் குறைந்துகொண்டே வந்து ஏழு நாட்களில் நிலைபெற்றது. இவ்வாறு இறந்த முயலின் தண்டுவடத்தை, ஈரத்தை உறிஞ்சும் எரிபொட்டாசு இட்ட குடுவையில் தொங்கவிட்டு உலர்த்தினர். நாட்கள் செல்லச்செல்ல அதன் வீரியம் குறைந்தது. ஏறத்தாழ இரு வாரங்களில் நோய் உண்டாக்கும் தன்மையே மறைந்தது. வீரியமற்ற பழைய தண்டுவடத்தில் தொடங்கி, நாள்தோறும் சற்றுப் புதியதை அரைத்துச் செலுத்திவந்தால் நாய்கள் நோயை எதிர்த்து நின்றன.

சோசப் மைஸ்டர்

1885 சூலை 4 அன்று அல்சாசுப் பகுதியைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுவன் சோசப் மைஸ்டரை ஒரு நாய் கடித்தது. அல்சாசு 1871 ஆம் ஆண்டுப் போருக்குப்பின் செருமனியின் வசம் இருந்தது. அந்தப் போரின் கசப்பால் பான் பல்கலைக்கழகம் தமக்கு அளித்த மதிப்புறு பட்டத்தைத் திருப்பி அனுப்பியவர் பாஸ்ச்சர். அவரால் காப்பாற்றப்பட்டவராக உலகம் அறிந்த முதல் நோயாளி எல்லை கடந்து செருமானியப் பேரரசிலிருந்து வந்த சிறுவன் என்பது குறிப்பிடத்தக்கது.

உள்ளூர் மருத்துவர் காயங்களைக் கார்பாலிக் அமிலத்தால் சுட்டார். பின் தாயும் நாயின் உரிமையாளரும் சிறுவனுடன் சூலை 6 அன்று பாரிசு வந்தடைந்தனர். நாயை அதன் உரிமையாளரே கொன்றிருந்தார். அதன் வயிற்றில் வைக்கோலும் மரத்துண்டுகளும் இருந்ததால் அதற்கு வெறி பிடித்திருந்தது என முடிவுசெய்யப்பட்டது. இக்கால அளவுகோலின்படி இது போதிய சான்று அன்று. உரிமையாளரையும் நாய் கவ்வியிருந்தது. ஆனால் பல் தோலில் இறங்காததால் மருந்து தேவையில்லை என்று அவர் திருப்பி அனுப்பப்பட்டார். சிறுவனின் உடலில் 14 காயங்கள் இருந்தன.

பாஸ்ச்சர் மருத்துவர் அல்லர். ஊசி போட அவருக்கு உரிமை இல்லை. வுல்பியான், கிராஞ்சே என்னும் இரு மருத்துவர்களின் கருத்தைக் கேட்டார். சிறுவன் இறப்பது ஏறக்குறைய உறுதி என அவர்கள் கூறியபின், அன்று மாலையே கிராஞ்சே முதல் ஊசியைச் செலுத்தினார். 15 நாட்கள் உலர்ந்த தண்டுவடத்தில் தொடங்கி, 10 நாட்களில் 13 ஊசிகள் போடப்பட்டன. கடைசி ஊசியில் இருந்தது, முயலுக்குச் செலுத்தினால் ஏழு நாட்களில் நோய் உண்டாக்கும் புதிய தண்டுவடம். சிறுவன் முயல்களோடும் கோழிகளோடும் விளையாடிக்கொண்டிருக்க, பாஸ்ச்சர் உறக்கமின்றித் தவித்தார். மைஸ்டர் நலமாக ஊர் திரும்பினான்.

அதே ஆண்டு அக்டோபரில், சான்-பாப்டிஸ்ட் சூப்பில் என்னும் இடைச்சிறுவன் தன்னிலும் சிறிய பிள்ளைகளைக் காக்க வெறிநாயோடு போராடிக் கடிபட்டு வந்தான். அவன் பாஸ்ச்சரின் இளமைக்கால ஊரான ஆர்புவாவை அடுத்த விலேர்-ஃபார்லே ஊரினன். கடிபட்டு ஆறு நாட்கள் ஆகியிருந்தும் அவனும் பிழைத்தான். அக்டோபர் 26 அன்று பாஸ்ச்சர் அறிவியல் கழகத்தில் தம் முறையை அறிவித்தார்.

அயல்நாட்டு நோயாளிகள்

செய்தி பரவியதும் ஊல்ம் தெருவில் இருந்த ஆய்வகத்தின் முன் நாள்தோறும் கூட்டம் சேர்ந்தது. இவர்கள் அனைவருக்கும் பொதுவான சிக்கல் ஒன்றுதான்: பாரிசை அடைய எத்தனை நாள் ஆகும் என்பது.

அமெரிக்காவின் நியூவார்க் நகரில் 1885 டிசம்பர் தொடக்கத்தில் நாய் கடித்த சிறுவர்களுள் நால்வரை, பொதுமக்களிடம் பணம் திரட்டிக் கப்பலில் அனுப்பிவைத்தனர். அத்திலாந்திக்கைக் கடந்து அவர்கள் வந்து சேர்வதற்குள் கடிபட்டு ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. வயிற்றில் ஊசி குத்தி முடிந்ததும், இதற்காகவா இவ்வளவு தொலைவு வந்தோம் என்று அவர்களுள் இளையவன் வியந்ததாகச் சொல்வர். நால்வரும் நலமாகத் திரும்பினர். மருத்துவ ஆய்வு ஒன்று நாளிதழ்களின் முதற்பக்கச் செய்தியாக அமெரிக்காவில் பேசப்பட்டது இதிலிருந்துதான் என்று வரலாற்றாய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

1886 மார்ச்சில் உருசியாவின் சுமோலென்ஸ்க் பகுதியிலிருந்து 19 பேர் வந்தனர். அவர்களைக் கடித்தது வெறி பிடித்த ஓநாய். ஓநாய் முகத்தையும் தலையையும் தாக்குவதால் அதன் கடி நாய்க்கடியைவிடக் கொடியது. சிலர் நடக்கவும் இயலாத நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கடிபட்டு ஏறத்தாழ இரு வாரங்கள் கடந்துவிட்டிருந்தன. பாஸ்ச்சர் வழக்கமான அளவை மாற்றி நாளுக்கு இருமுறை ஊசி போடச் செய்தார். மூவர் இறந்தனர், 16 பேர் ஊர் திரும்பினர். பிரெஞ்சு மொழியில் இவர்கள் அறிந்திருந்த ஒரே சொல் பாஸ்ச்சரின் பெயர்தான் என்று கூறப்படுகிறது. உருசியப் பேரரசர் மூன்றாம் அலெக்சாந்தர் பாஸ்ச்சருக்கு வைரம் பதித்த பதக்கம் அளித்ததோடு, அமையவிருந்த ஆய்வு நிறுவனத்துக்குப் பெருந்தொகையும் வழங்கினார்.

தாமதமாக வந்ததால் கைவிட்டுப்போனவர்களும் உண்டு. தலையில் கடிபட்ட பத்து வயதுச் சிறுமி ஒருத்தி 1885 நவம்பரில், கடிபட்டு 37 நாட்கள் ஆனபின் கொண்டுவரப்பட்டாள். காலம் கடந்துவிட்டது எனப் பாஸ்ச்சர் அறிந்திருந்தார். அவள் இறந்தால் புதிய முறைக்கே கெட்டபெயர் வரும் என்பதும் தெரிந்ததே. ஆயினும் பெற்றோரின் வேண்டுகோளை மறுக்க மனமின்றி மருத்துவம் அளித்தார். அவள் டிசம்பர் தொடக்கத்தில் இறந்தாள்.

நெடுந்தொலைவுப் பயணமே உயிருக்கு இடர் என்பது விரைவில் தெளிவாயிற்று. 1886 இலேயே உருசியப் பேரரசின் ஒடெசா நகரில் (இன்றைய உக்ரைன்) தடுப்பூசி நிலையம் ஒன்று தோன்றியது. பாரிசில் பொதுமக்களின் நன்கொடையால் எழுந்த பாஸ்ச்சர் நிறுவனம் 1888 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது.

எதிர்ப்பும் ஐயங்களும்

பாஸ்ச்சரின் முறையை மருத்துவர் பலர் ஏற்கவில்லை. பாரிசின் மைக்கேல் பீட்டர் அவர்களுள் முதன்மையானவர். கடிபட்டோருள் பெரும்பான்மையினர் மருந்தின்றியும் பிழைப்பார்கள் என்றும், ஊசியே சிலருக்கு நோயைத் தருகிறது என்றும் அவர் வாதிட்டார். முதல் வாதத்தில் உண்மை உண்டு. மைஸ்டருக்கு நோய் வந்திருக்கும் என எவராலும் உறுதி கூற இயலாது. தனியொருவர் பிழைத்ததை வைத்து எதுவும் நிறுவ முடியாது. நூற்றுக்கணக்கானோரின் கணக்கே பேசவேண்டும். 1886 மார்ச் 1 வரை மருந்து பெற்ற 350 பேருள் இறந்தது மேற்சொன்ன சிறுமி மட்டுமே எனப் பாஸ்ச்சர் அறிவித்தார். பிரித்தானிய அரசு அமைத்த குழு தானே ஆய்வுகள் செய்து பார்த்து 1887 இல் முறை பயனுடையது என ஒப்புக்கொண்டது.

இரண்டாம் வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியது அன்று. 1886 இறுதியில் மருந்து பெற்ற சிறுவன் ஒருவன் இறந்தபோது, வெறிநோய் காரணமன்று எனப் பொதுவில் சொல்லப்பட்டது. ஆனால் அவனது மூளைப்பொருள் செலுத்தப்பட்ட முயல்கள் நோயுற்றன என்று, பாஸ்ச்சரின் உறவினரும் உதவியாளருமான அட்ரியன் லுவார் 1938 இல் வெளியிட்ட நூலில் எழுதினார்.

பாஸ்ச்சர் தம் ஆய்வுக்குறிப்பேடுகளை எவருக்கும் காட்டவேண்டாம் எனக் குடும்பத்தாரிடம் கூறியிருந்தார். அவரது பேரன் 1964 இல் அவற்றைப் பிரான்சின் தேசிய நூலகத்துக்கு வழங்கினார். அவற்றை ஆராய்ந்த அமெரிக்க வரலாற்றாய்வாளர் சரல்ட் கைசன் 1995 இல் வெளியிட்ட நூல் பெரும் விவாதத்தை எழுப்பியது. மைஸ்டருக்கு முன்பே, 1885 மே, சூன் மாதங்களில், நோய் அறிகுறி தோன்றிவிட்ட இருவருக்குப் பாஸ்ச்சரின் மருந்து செலுத்தப்பட்டதும், அவர்களுள் ஒரு சிறுமி இறந்ததும் குறிப்பேடுகளில் உள்ளன. மைஸ்டருக்குப் பயன்படுத்திய அதே வரிசைமுறை நாய்களில் அண்மையில்தான் தொடங்கப்பட்டிருந்தது. கடிபட்டபின் காக்கும் என்பது அம்முறையில் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. பொதுவில் பாஸ்ச்சர் அளித்த விளக்கம் இதைவிட உறுதியானதாக இருந்தது. புயி-லெ-ஃபோரில் பயன்பட்ட தடுப்பூசியும் கேட்டோர் எண்ணியவாறு ஆக்சிசனால் வீரியம் குறைக்கப்பட்டதன்று; சாம்பர்லாந்து பொட்டாசியம் டைகுரோமேட்டு கொண்டு உருவாக்கியது. மாக்ஸ் பெரூட்ஸ் உள்ளிட்டோர் கைசனின் முடிவுகளை மறுத்து எழுதியுள்ளனர். மருந்து பயன் தந்தது என்பதில் இருதரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை; சிறுவனுக்குச் செலுத்தும் அளவுக்கு அன்று சான்று இருந்ததா என்பதே கேள்வி.

இறுதிக் காலம்

1887 இல் மீண்டும் பக்கவாதம் தாக்கியபின் பாஸ்ச்சரின் பேச்சும் நடையும் தளர்ந்தன. 1892 டிசம்பர் 27 அன்று அவரது எழுபதாம் பிறந்தநாள் சோர்போன் பல்கலைக்கழகத்தில் கொண்டாடப்பட்டது. 1895 செப்டம்பர் 28 அன்று பாரிசுக்கு அருகில் உள்ள வில்நெவ்-லெத்தாங் என்னும் இடத்தில் காலமானார். ஆய்வு நாய்களை அடைத்து வைக்கப் பயன்பட்டதும் அவ்விடமே. அவரது உடல் பாஸ்ச்சர் நிறுவனத்தின் நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

சோசப் மைஸ்டர் பிற்காலத்தில் அந்நிறுவனத்திலேயே வாயிற்காவலராகப் பணியாற்றினார். 1940 இல் பாரிசைக் கைப்பற்றிய செருமானியப் படையினருக்கு நிலவறையைத் திறந்துவிட மனமின்றி அவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்னும் கதை பல நூல்களில் காணப்படுகிறது. இது உண்மையன்று. வெளியூருக்கு அனுப்பிவைத்த மனைவியும் மகள்களும் குண்டுவீச்சில் இறந்துவிட்டதாக எண்ணி, அவர் சூன் 24 அன்று தற்கொலை செய்துகொண்டார் என்பது பின்னர் வெளியான சான்றுகளிலிருந்து தெரிகிறது. குடும்பத்தினர் உயிருடன் இருந்தனர்.

இந்தியாவில்

இந்தியாவில் பணியாற்றிய பிரித்தானியப் படைவீரர்களை வெறிநாய் கடித்தால் அவர்களைப் பாரிசுக்குக் கப்பலேற்றி அனுப்பும் வழக்கம் இருந்தது. பொதுமக்களுள் பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1900 இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் முதல் பாஸ்ச்சர் நிறுவனம் தொடங்கப்பட்டது. தெற்கில் கடிபட்டவர்களுக்கு அதுவும் மிகத் தொலைவு. நீலகிரியில் 1902 இல் ஓர் ஆங்கிலப் பெண் வெறிநோயால் இறந்தது, தெற்கிலும் அத்தகைய நிலையம் வேண்டும் என்னும் எண்ணத்தைத் தூண்டியது. அமெரிக்கச் செல்வர் என்றி பிப்சின் நன்கொடை கொண்டு 1907 ஏப்ரல் 6 அன்று குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்ச்சர் நிறுவனம் திறக்கப்பட்டது.

கசௌலியில் டேவிட் செம்பிள் 1911 இல் உருவாக்கிய தடுப்பூசி, பாஸ்ச்சருடையதைப் போலவே விலங்கின் நரம்புத்திசுவிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் அதிலிருந்த தீநுண்மம் கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்யப்பட்டது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று தமிழ்நாட்டில் பல தலைமுறைகள் அஞ்சியது இதனைத்தான். நரம்புத்திசு சிலருக்கு வாதத்தை உண்டாக்கியது. இந்தியாவில் இது 2005 ஆம் ஆண்டளவில் கைவிடப்பட்டு, உயிரணு வளர்ப்பில் செய்யப்படும் தடுப்பூசிகள் வழக்கத்துக்கு வந்தன. இவை மேற்கையில், தசையிலோ தோலிலோ, சில தவணைகளே போடப்படுகின்றன.

அயல்நாட்டில் கடிபட்ட ஒருவர் இன்று கடல் கடக்க வேண்டியதில்லை. தாயகம் திரும்பும் வரை காத்திருக்கவும் கூடாது. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அங்கேயே தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். மீதித் தவணைகளை வேறு ஊரில் தொடரலாம். தோல் கிழிந்து குருதி வந்த கடிக்கு, முன்னர் தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவராயின், பிறபொருளெதிரி மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்துகின்றனர். பாஸ்ச்சரின் காலத்தில் இல்லாத இம்மருந்து, தடுப்பூசி எதிர்ப்பாற்றலை உண்டாக்கும் வரையிலான நாட்களை ஈடுசெய்கிறது. சில நாட்கள் கடந்துவிட்டாலும், அறிகுறி தோன்றாதவரை, மருத்துவம் தொடங்கப்படுகிறது. இருந்தும் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் இறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இவர்களுள் பெரும்பாலோர் ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்தவர்கள்.

பாஸ்ச்சர் மறைந்த நாளான செப்டம்பர் 28, 2008 ஆம் ஆண்டு முதல் உலக வெறிநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.